ஆட்சியின் கடிவாளம்

பூவிருந்தவல்லிக்கு நிலப்பட்டா சம்பந்தமாகச் சென்று திரும்பிய மாணவர் ஒருவர், சர்ஃபு பாடம் முடிந்த பின்னர் என்னிடம் ஒரு வினாவைக் கொண்டு வந்தார். “ஹஜ்ரத், தாலுகா கச்சேரியிலும் கோர்ட்டு வாசலிலும் என் காதில் விழுந்த சொற்களில் பாதி நம் பாடப் புத்தகத்துச் சொற்களாக இருக்கின்றனவே, இது எவ்வாறு?” என்றார். தாலுகா, ஜில்லா, வசூல், தாசில்தார், அசல், நகல், ரத்து, ஆஜர், ஜாமீன், ஜப்தி, வக்கீல், வாரிசு என்று அவர் அடுக்கிய பட்டியல் நீண்டது.

அன்றைய பாடவேளை அந்தச் சொற்களுக்கு வேர் காண்பதிலேயே கழிந்தது. ஜாமீன் என்பது ‘ளாமின்’; பொறுப்பேற்பவர். ஆஜர் என்பது ‘ஹாளிர்’, முன்னிலையில் நிற்பவர். முன்சீப் என்பது ‘முன்ஸிஃப்’. ‘நிஸ்ஃப்’ என்றால் பாதி, ஆதலின் இரு தரப்பாருக்கும் சரிபாதியாக நின்று நியாயம் வழங்குபவர். இவ்வாறு சொல்லிக்கொண்டே வருகையில் மூன்று சொற்கள் மட்டும் தனித்து நின்று என் சிந்தனையைத் தூண்டின. அவை மசோதா, அமுல், பைசல் என்பன.

மசோதா என்பது ‘முஸவ்வதா’. மையால் கறுப்பாக்கப்பட்ட முதற்படி. சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரைவு அது. அமுல் என்பது ‘அமல்’, செயற்படுத்துதல். பைசல் என்பது ‘ஃபைஸல்’. இரண்டைப் பிரித்துக் காட்டுவது, அஃதாவது தீர்ப்பு. சட்டம் இயற்றுதல், அதனை நடைமுறைப்படுத்துதல், அதன்படி தீர்ப்பளித்தல் என்று அரசியல் நூலார் வகுத்துரைக்கும் ஆட்சியின் மூன்று கிளைகளும், நம் ஊர்க் கச்சேரித் தமிழின் இம்மூன்று சொற்களில் அடங்கிவிடுகின்றன அன்றோ! மேலும் ஒரு வியப்பு. ‘அதிகாரங்களைப் பிரித்து வைத்தல்’ என்னும் கோட்பாட்டுக்கு இன்றைய அரபியர் வழங்கும் பெயர் ‘ஃபஸ்லுஸ் ஸுலுதாத்’ என்பது. பைசலுக்கும் இந்த ஃபஸ்லுக்கும் வேர் ஒன்றே. பிரித்து வைக்காத இடத்தில் தீர்ப்பு இல்லை என்பதை அம்மொழி தன் வேரிலேயே பொதிந்து வைத்துள்ளது.

இம்மூன்றும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்? அரசர்க்கும் அமைச்சர்க்கும் அது வசதிக்குறைவன்றோ? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் அரண்மனையில் நின்று பார்த்தல் ஆகாது. காவலில் கைகட்டி நிற்கும் ஒரு மனிதனின் இடத்தில் நின்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பதற்குப் பூவிருந்தவல்லியைப் போல் ஏற்ற ஊர் பிறிதொன்று இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூன்று கிளைகள்

1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனம், ஒன்றிய அரசின் செயலாட்சி அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைத்துள்ளது. அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கிறார். குடியரசுத் தலைவரும் மாநிலங்களவையும் மக்களவையும் சேர்ந்ததே நாடாளுமன்றம். நீதித்துறைக்குத் தலைமையாக உச்சநீதிமன்றமும், அதன்கீழ் மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களும், அவற்றின்கீழ் ஜில்லா, தாலுகா நீதிமன்றங்களும் நிற்கின்றன.

சென்னைக்கு மேற்கே ஒரு பகற்பொழுது பயணம் செய்தால் இவ்வமைப்பின் கைகள் கண்ணுக்குத் தெரியும். ஆவடியில் டாங்கிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை ஒன்றிய அரசின் பாதுகாப்புத் துறையைச் சார்ந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை மாநில அரசு உருவாக்கியது. வழியில் சாலையை மறித்து நிற்கும் காவலர் மாநில அரசின் அலுவலர். காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். இவை யாவும் செயலாட்சி என்னும் ஒரே கிளையின் கொம்புகள். அதே ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் செய்தது. தேபர் தலைமை தாங்க, பிரதமர் நேரு முன்னின்று நடத்திய மாநாடு அது. எனினும் கட்சி மாநாட்டின் தீர்மானம் சட்டமன்று. நாடாளுமன்றத்தின் வழியே வந்தாலன்றி அதற்கு எக்குடிமகனையும் கட்டுப்படுத்தும் வலிமையில்லை. ஆளுங்கட்சி வேறு, அரசு வேறு என்னும் வேறுபாட்டை மறந்த நாடுகள் பட்ட பாட்டை வரலாறு அறியும்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில் மூன்று அதிகாரங்களும் ஒரு கையில் சேர்தலாகாது என்று வலியுறுத்தினார். அமெரிக்கர் அதனை ஏறத்தாழ அப்படியே மேற்கொண்டனர். நம் சாசனமோ அவ்வாறு செய்யவில்லை. நம் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தின் உள்ளிருந்தே வருகின்றனர். மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையவர்கள். அவையில் பெரும்பான்மை யாருக்கோ அவருக்கே ஆட்சி. ஆகவே மசோதாவும் அமுலும் ஒரே கூட்டத்தாரின் இரு கைகளாகி விடுகின்றன. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே.டி. ஷா, மூன்று கிளைகளையும் முற்றாகப் பிரிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். காஜி சையத் கரீமுத்தீன் என்னும் உறுப்பினர் அதை ஆதரித்துப் பேசினார். சபை அதனை ஏற்கவில்லை. அமைச்சரவை அன்றாடம் மக்கள் பிரதிநிதிகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட முறையே நமக்கு ஏற்றது என்று முடிவாயிற்று.

அம்முடிவு தவறென்று சொல்ல நாம் வரவில்லை. ஆயினும் அதன் விளைவு ஒன்றுண்டு. இரண்டு கிளைகள் பின்னிப் பிணைந்து வளருமாயின், பிரிவினையின் முழுப் பாரமும் மூன்றாம் கிளையின் மீதே விழும். நம் நாட்டில் அதிகாரப் பிரிவினை என்பது பெரும்பாலும் நீதித்துறையின் சுதந்திரமே ஆகும்.

முன்னோர் கண்ட நெறி

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த பாடம் என்று கருதுவோர் பலர். தமிழ் கற்றவர் சிலப்பதிகாரத்தை நினைத்துப் பார்க்கட்டும். பாண்டியன் கொடியவன் அல்லன். ஆனால் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதும், விசாரணை இன்றியே காவலருக்கு ஆணையிட்டான். குற்றம் சாட்டியதைக் கேட்ட செவியும், தண்டனை விதித்த வாயும், வாளை ஏவிய கையும் ஒருவனுடையனவே. கோவலன் தன் பக்கத்தைச் சொல்வதற்கு ஓர் அவையம் இருக்கவில்லை. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது உண்மை தெரிந்தது. கோவலன் உயிரோ திரும்பவில்லை. நல்லவனான அரசன் கையிலும் இரண்டு அதிகாரங்கள் ஒன்றாதல் தீது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இனி நம் மார்க்க வரலாற்றைக் காண்போம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஆட்சிப் பரப்பு விரிந்தபோது, மாகாண ஆளுநரின் பணியிலிருந்து காஜியின் பணியைப் பிரித்துத் தனியே நியமனம் செய்யும் வழக்கம் தொடங்கியது என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். ஷுரைஹ் என்பார் கூஃபாவின் காஜியான வரலாறு யாவரும் அறிந்ததே. கலீஃபா விலை பேசிய குதிரை ஒன்று, அவர் ஏறிப் பார்க்கையில் ஊனமுற்றது. திருப்பித் தர முயன்றார், விற்றவர் மறுத்தார். நடுவராக அமர்ந்த ஷுரைஹ், கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்புரைத்தார். சினங்கொள்ள வேண்டிய இடத்தில் கலீஃபா அவரையே காஜியாக நியமித்தார் என்பது செய்தி.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் அளித்த காஜிப் பதவியை மறுத்துச் சிறைப்பட்டார்கள். ஹிஜ்ரி 150இல் பக்தாதில் மறைந்தார்கள். அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ அப்பதவியை ஏற்று, ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமைக் காஜியாக விளங்கினார்கள். ஆசிரியர் விலகி நின்று காத்த நீதியை மாணவர் உள்ளே நின்று காக்க முயன்றார் எனலாம். அவர் கலீஃபாவுக்கென எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ வரிவசூல் பற்றிய நூல். அந்நூலில் சிறைப்பட்டோரைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு என்பது பலர் அறியாதது. சந்தேகத்தின் பேரில் பிடித்துவரப்பட்டவனை அடிக்கலாகாது. அடித்துப் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்பது அவர் கலீஃபாவுக்குச் சொன்ன அறிவுரை. பட்டினி போட்டாலும், அச்சுறுத்தினாலும், அடைத்து வைத்தாலும் மனிதன் தனக்கெதிராகவே பேசிவிடுவான் என்னும் கருத்தில் அமைந்த உமர் (ரலி) அவர்களின் கூற்றையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். வரியையும் வாக்குமூலத்தையும் ஒரே நூலில் அவர் ஏன் பேசினார் என்பதைச் சற்று நேரத்தில் நம் ஊர் வரலாறே விளக்கும்.

ஹிஜ்ரி 450இல் மறைந்த மாவர்தீ அவர்கள், ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் நூலில் அமைச்சு, படை, காஜி, வரி, அங்காடிக் கண்காணிப்பு என்று ஆட்சிப் பணிகளைத் தனித்தனி இயல்களாக வகுத்தார். அவற்றுள் ‘மளாலிம்’ என்பது, அதிகாரிகள் இழைத்த அநீதியை விசாரிக்கும் மன்று. அலுவலரின் மீதே முறையிட ஓர் இடம் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். எனினும் உண்மையை மறைத்தல் கூடாது. அக்காஜிகளை நியமித்தவரும் நீக்கியவரும் ஆட்சியாளரே. பிற்கால மன்னர் பலர் காஜிகளைத் தம் விருப்பத்துக்கு வளைத்தனர். நெறி இருந்தது, நெறியைக் காக்கும் அரண் வலுவாக இல்லை. பெருமை பேசி நின்றுவிடாமல் இதையும் கற்றுக்கொள்வதே வரலாறு படிப்பதன் பயன்.

கும்பினியின் கச்சேரி

பூவிருந்தவல்லியில் 1653ஆம் ஆண்டு, கோல்கொண்டா குதுப்ஷாஹி ஆட்சியில் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் உண்டு. அவ்வாட்சிக்குப் பின் மொகலாயரும், அவர்க்குப் பின் ஆற்காட்டு நவாபுகளும் இப்பகுதியை ஆண்டனர். நம் மாணவர் கேட்ட கச்சேரிச் சொற்கள் அவ்வழியே வந்து சேர்ந்தவை. 1763இல் நவாப் முகம்மது அலி வாலாஜா, பூவிருந்தவல்லி உள்ளிட்ட செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். சொற்கள் தங்கின, ஆட்சி மாறியது.

கும்பினியார் முதலில் நல்லதொரு முயற்சியைச் செய்தனர். 1802இல் சென்னை மாகாணத்தில் ஜில்லாக் கோர்ட்டுகளை ஏற்படுத்தி, நீதியையும் மாஜிஸ்திரேட்டு அதிகாரத்தையும் ஜட்ஜியிடம் ஒப்படைத்தனர். கலெக்டருக்கு வரி மட்டுமே. பதினான்கு ஆண்டுகளுக்குள் இது தலைகீழாயிற்று. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள், மாஜிஸ்திரேட்டு அதிகாரத்தையும் போலீசையும் ஜட்ஜியிடமிருந்து எடுத்துக் கலெக்டரிடம் சேர்த்தன. அவருக்குக் கீழே தாசில்தார் வரி வசூலிப்பவராகவும், போலீசின் தலைவராகவும், சிறு குற்றங்களை விசாரிப்பவராகவும் ஆனார். குடிகளுக்கு ஒரே கச்சேரியில் எல்லாம் விரைவில் முடியும் என்பது மன்றோ கூறிய காரணம். அதே ஆண்டில் ஜில்லா முன்சீப்புகளும் கிராம முன்சீப்புகளும் ஏற்பட்டு, சிவில் வழக்குகள் இந்நாட்டார் கைக்கு வந்தது நன்மையே. ஆனால் வரி கேட்பவனும், பிடித்து வைப்பவனும், விசாரிப்பவனும் ஒருவனே என்ற நிலை குடிகளின் முதுகில் எழுதிய கதை வேறு.

அக்கதை 1855இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்ற புகாரை விசாரிக்க மூவர் கொண்ட கமிஷன் அமைந்தது. வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் அம்மூவருள் ஒருவர். வரி பாக்கி உள்ளவர்களையும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களையும் ஒரே அலுவலர்கள் ஒரே முறைகளால் வதைத்தனர் என்பதை அக்கமிஷன் பதிவு செய்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி, குனிய வைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ப் பெயர்கள் அந்த ஆங்கில அறிக்கையில் இடம்பெற்றன. தமிழ் உலகுக்கு அளித்த சொற்களில் இவையும் சேர்ந்தது நம் தலைகுனிவு. வரித்துறையும் போலீசும் ஒன்றாக இருப்பதே தீமையின் வேர் என்று கமிஷன் கண்டது.

இமாம் அபூயூசுஃப் வரியைப் பற்றி எழுதும் நூலில் அடித்துப் பெறும் வாக்குமூலத்தைப் பற்றியும் எழுத நேர்ந்த காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? பணம் கேட்கும் கையே பிரம்பையும் பிடித்திருந்தால் என்ன நிகழும் என்பதைப் பக்தாதும் அறிந்திருந்தது, செங்கல்பட்டும் அறிந்திருந்தது.

அறிக்கையின் பயனாக 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீசு வரித்துறையிலிருந்து பிரிந்தது. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதன்பின் 1872இன் சாட்சியச் சட்டமும், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று விதித்தன. அவ்விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. காவலில் நிற்கும் மனிதனைச் சுற்றி நம் சட்டம் எழுப்பிய முதல் மதில் அது.

இதற்கிடையே காஜிமாரின் நிலையும் மாறியது. அதுவரை கும்பினிக் கோர்ட்டுகளில் குற்ற வழக்குகளுக்கு இஸ்லாமிய சட்டப்படி ஃபத்வா வழங்கும் அலுவலர்கள் இருந்தனர். இந்திய தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபின் அவர்களுக்குப் பணி இல்லாமற் போயிற்று. 1864ஆம் ஆண்டுச் சட்டம் அப்பதவிகளை நீக்கியது. நிக்காஹ் முதலிய சடங்குகளுக்கு அரசு நியமித்த காஜி வேண்டும் என்ற தேவையால் 1880இல் காஜிகள் சட்டம் பிறந்தது. அது முதலில் சென்னை மாகாணத்துக்கே பொருந்துவதாக அமைந்தது. காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்று அச்சட்டமே தெளிவாகக் கூறுகிறது. காஜியின் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரையே, அதற்குச் சட்ட வலிமை இல்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உரைத்ததும் இதன் தொடர்ச்சியே. இதனைக் கேட்டு மனம் வருந்துவோர், காஜிகளின் மரியாதை பதவியால் வந்ததா, நேர்மையால் வந்ததா என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஐம்பதாம் விதி

போலீசு பிரிந்தபோதும் கலெக்டரின் மாஜிஸ்திரேட்டு அதிகாரம் பிரியவில்லை. பிடிக்கும் போலீசுக்கும் மேலதிகாரி அவரே. விசாரிக்கும் கீழ் மாஜிஸ்திரேட்டுகளுக்கும் மேலதிகாரி அவரே. விடுதலை இயக்கத்தார் தொடக்க நாள் முதல் இதனை எதிர்த்தனர். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் டாக்டர் அம்பேத்கர், நீதித்துறையைச் செயலாட்சியிலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். மூன்றாண்டு என முதலில் குறித்த காலவரம்பு பின்னர் நீக்கப்பட்டது. அதுவே இன்றைய 50ஆம் விதி.

அதனைச் செயற்படுத்துவதில் சென்னை மாகாணம் முன்னணியில் நின்றது என்பது நமக்குப் பெருமை. புதிய சட்டம் இயற்றாமல் அரசாணைகளின் வழியாகவே, வழக்கு விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டுகளை உயர்நீதிமன்றத்தின் கீழும், பொது அமைதி காக்கும் மாஜிஸ்திரேட்டுகளை வருவாய்த் துறையின் கீழும் வைத்துப் பிரித்தது. நாடு முழுமைக்கும் இது சட்டமானது 1974 ஏப்ரல் 1இல்தான். மன்றோ 1816இல் கட்டிய முடிச்சை அவிழ்க்க 158 ஆண்டுகள் ஆயின.

சட்டத்தில் பிரிந்தது மனத்தில் பிரிய வேண்டும். மறு ஆண்டே, 1975 ஜூனில், அவசரநிலை வந்தது. காரணமின்றிக் காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை அணுகலாமா என்ற வழக்கில், 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் நால்வர், அணுக இயலாது என்றனர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அந்நால்வருள் எம்.எச். பேக் அவர்களும் ஒருவர். நம் சமுதாயத்தவர் ஒருவர் நாற்காலியில் இருந்தால் போதும் என்று எண்ணுவோர்க்கு இது பாடமாகட்டும். அத்தீர்ப்பு தவறென உச்சநீதிமன்றமே 2017இல் அறிவித்தது.

அதே அவசரநிலையில், 1976இல் சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் தாக்கப்பட்டனர். அதனை விசாரிக்க 1977இல் அமைந்த ஒருநபர் ஆணையத்தின் தலைவர், நாகூரில் பிறந்து கம்பனில் தோய்ந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள். காவலில் நிற்பவனுக்கு என்ன நேர்ந்தது என்று அரசாங்கத்தையே கேட்கும் ‘மளாலிம்’ பணி அது. 1979இல் அவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்கள். 1981இல் ஒன்றிய அரசு அவர்களைக் கேரளத்துக்கு மாற்ற, அதனை ஏற்காமல் பதவியைத் துறந்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் உச்சநீதிமன்றம், நீதிபதி நியமனத்தில் செயலாட்சியின் சொல்லே மேலானது எனத் தீர்ப்பளித்தது. 1993இல் அதனை மாற்றி, நீதிபதிகளின் கருத்துக்கே முதன்மை தந்தது. 2015 அக்டோபரில் நியமன ஆணையச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. நீதிபதியை நியமிப்பவர் யார் என்ற வினா இன்னும் ஓயவில்லை. அபூஹனீஃபா அவர்களின் மறுப்பும் நீதியரசர் இஸ்மாயீலின் துறவும் ஒரே வினாவின் இரு விடைகள் எனத் தோன்றுகின்றது.

பூவிருந்தவல்லித் தீர்ப்பு

இப்போது நாம் தொடங்கிய ஊருக்கே திரும்புவோம். 1991 மே 21இல், பூவிருந்தவல்லியைக் கடந்து செல்லும் பெருவழியில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். உடனிருந்த காவலரும் தொண்டரும் எனப் பலர் மடிந்தனர். அக்கொடுமைக்கு நியாயம் கேட்பது அக்குடும்பங்களின் உரிமை; நாட்டின் கடமை. வழக்கு பூவிருந்தவல்லியில் அமைந்த தடா தனி நீதிமன்றத்துக்கு வந்தது.

தடா என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதன் 15ஆம் பிரிவு, போலீஸ் சூப்பிரண்டு தரத்தில் உள்ள அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது. கிட்டிக்கும் அண்ணாந்தாளுக்கும் பின்னர் எழுப்பிய மதிலில், சட்டமன்றமே ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இல்லை, நேரே உச்சநீதிமன்றம். 1998 ஜனவரி 28இல் பூவிருந்தவல்லி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

மேல்முறையீட்டை நீதிபதிகள் கே.டி. தாமஸ், வாத்வா, சையத் ஷா முகம்மது காதிரி ஆகிய மூவர் கேட்டனர். 1999 மே 11இல் வந்த தீர்ப்பு, இக்குற்றம் தடாச் சட்டத்தின் கீழ் வருவதன்று எனக் கூறியது. நால்வருக்கு மரண தண்டனை உறுதியாயிற்று. மூவருக்கு அது ஆயுள் தண்டனையானது. 19 பேர் விடுதலையாயினர். வாசக அன்பர்கள் இவ்வெண்ணை ஒருமுறை நின்று நோக்க வேண்டுகிறேன். ஒரு மன்றின் முன் இருபத்தாறு கழுத்துகள்; அடுத்த மன்றில் பத்தொன்பது கழுத்துகளிலிருந்து கயிறு இறங்கியது. ஆட்சியாளரின் சினத்துக்கும் மக்களின் துயரத்துக்கும் அப்பால் அமர்ந்து, ஏடுகளை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்க்கும் ஓர் இடம் இருந்ததனால் விளைந்த வேறுபாடு அது. அதிகாரப் பிரிவினை என்னும் வறண்ட சொல்லுக்குப் பொருள் இதுவே.

எஞ்சியோரின் வரலாறு மற்றக் கிளைகளையும் தொட்டது. நால்வருள் ஒருவரின் தண்டனை 2000இல் ஆளுநரால் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் கருணை மனுக்கள் குடியரசுத் தலைவரிடம் பதினோராண்டு கிடந்தமையால், 2014 பிப்ரவரி 18இல் உச்சநீதிமன்றம் அவர்களின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மறுநாள் மாநில அரசு விடுவிக்க முனைந்தது. ஒன்றிய அரசு தடுத்தது. 2015இல் அரசியல் சாசன அமர்வு, இத்தகைய வழக்கில் ஒன்றிய அரசின் இசைவு வேண்டும் என்றது. 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவை, 161ஆம் விதியின் கீழ் ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்து, பின் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18இல் ஒருவரையும், நவம்பர் 11இல் மற்ற அறுவரையும் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவர்களை விடுவித்தது சரியா, தவறா என்பதில் நல்லோர் இரு கருத்தினர். ஆனால் ஒரு கிளை தன் கடமையைச் செய்யாமல் காலம் கடத்தும்போது, மற்றொரு கிளை தலையிட நேர்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பிரிந்து நிற்றல் என்பது கடமையைத் தட்டிக் கழித்தற்குரிய மறைவிடமன்று.

தடா 1995இல் காலாவதியானது. அதைப் போன்ற வாக்குமூலப் பிரிவுடன் 2002இல் வந்த பொடாவும் 2004இல் நீக்கப்பட்டது. இவ்விரு சட்டங்களின் கீழும் காவலில் வாடியவர்களுள் நம் சமுதாய இளைஞரும் பலர். ஆதலால் இதனை ஏதோ ஒரு வழக்கின் கதையாக நாம் படித்துவிட்டுச் செல்லுதல் இயலாது. அதே வேளையில், நமக்கு நேர்ந்தபோது மட்டும் நீதி பேசுவதும் நெறியாகாது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைத்தலையும், மக்களிடையே நீதியுடன் தீர்ப்பளித்தலையும் திருமறை ஒரே வசனத்தில் இணைத்துக் கூறுகிறது. அங்கே சொல்லப்படுவது ‘மக்கள்’. நம் மக்கள், பிறர் மக்கள் என்ற பாகுபாடு இல்லை. அதிகாரம் ஓர் அமானிதம். அதனைத் தன் எல்லைக்கு மேல் வைத்துக்கொள்பவர் அமானிதத்தில் மோசம் செய்தவர் ஆவார்.

மாணவருக்கு நான் சொல்லி முடித்த சொல் ஒன்று எஞ்சியிருக்கிறது. அரபியில் ஹா, காஃப், மீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து ‘ஹுக்ம்’ பிறக்கிறது; தீர்ப்பு. ‘ஹுகூமத்’ பிறக்கிறது; அரசாங்கம். ‘ஹாகிம்’ பிறக்கிறது, ஆள்பவரையும் நீதிபதியையும் அது குறிக்கும். ‘ஹிக்மத்’ பிறக்கிறது, ஞானம். அவ்வேரிலேயே ‘ஹகமா’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. குதிரையின் வாயில் இட்டு அதன் பாய்ச்சலை அடக்கும் கடிவாளத்தின் இரும்பு என்பது அதற்குப் பொருள். அரசாங்கம் என்பதும் கடிவாளம் என்பதும் ஒரே வேரின் இரு கிளைகள்.

குதிரையும் வேண்டும், கடிவாளமும் வேண்டும். ஆனால் கடிவாளத்தைக் குதிரையின் கையிலேயே கொடுத்துவிடுவார் உளரோ?